கண்காணியும் மதுவும்: மலையகத் திருச்சபை வரலாற்றில் ஒரு நோக்கு

மலையகப் பெருந்தோட்டங்களில் புராட்டஸ்தாந்தச் சமயப்பணி 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றியதுடன் ஒழுங்குபெற்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் முதலிற் கோப்பித் தோட்டங்களிலும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் போதித்தனர்.

அவர்தம் வேதாகமம் மதுவை முற்றாக விலக்கவில்லை. கானாவூர்த் திருமணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். தீமோத்தேயுவின் வயிற்றுநோய்க்குப் பவுல் சிறிது திராட்சரசம் விதித்தார். ஆயின், அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் திருச்சபைத் தலைவன் மதுப்பிரியனாதல் தகாது என்கிறது. அத்தலைவனைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்புச் சுட்டும் சொல் 'கண்காணி' என்பதாகும்.

தோட்டத்திலோ கண்காணி என்போன் ஆள்சேர்த்து, முற்பணம் கொடுத்து, தலைக்காசு பெற்று வந்தவன். கடன் தீராத தொழிலாளி 'துண்டு' இன்றித் தோட்டம் மாற இயலவில்லை. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. குடிக்குச் சென்ற ஒவ்வொரு சதமும் அக்கடனை நீட்டித்தது. எனவே, மதுபற்றிய போதனை இங்கு தனிமனித ஒழுக்கத்தோடு அமையாது, பொருளாதார விடுதலையையும் தொட்டது.

1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தை எதிர்த்த மதுவொழிப்பியக்கம் பெரிதும் பௌத்தர் தலைமையில் எழுந்தது. கிறிஸ்தவருள், மெதடிஸ்தருக்கு வடித்த மதுவை விலக்கும் வெஸ்லியின் 1743ஆம் ஆண்டு விதி வழிகாட்டிற்று. அங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் பொதுவாக அளவையே வலியுறுத்தினர். எனினும் யாவரும் உடன்பட்டது ஒன்றுண்டு: பிறரைக் கண்காணிப்போன் முதலில் தன்னைக் கண்காணித்தல் வேண்டும்.