மேல் அம்புக்குறி வருமுன்

டாஸ் இயக்குதளத்தில் இயங்கிய முதற்காலத் தனிக்கணினிகளில் கட்டளை வரியின் ஞாபகம் ஒரு வரியளவே. 1981இல் ஐபிஎம் கணினியுடன் வந்த டாஸ், கடைசியாக இட்ட கட்டளையை மட்டும் வைத்திருந்தது. எஃப்3 விசை அதை முழுதாகத் திருப்பித் தரும். எஃப்1 எழுத்தெழுத்தாகத் தரும். நீண்ட வரியின் நடுவே ஓர் எழுத்துப் பிழைத்தால் பின்னோக்கிப் போய்த் திருத்த வழியில்லை. இடது அம்புக்குறி எழுத்துகளை அழித்துக்கொண்டே போகும்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் தனி நிரலாளர்கள். ஜாக் கெர்ஸ்பாக்கின் டாஸ்எடிட், கிறிஸ் டன்ஃபோர்டின் சிஈடி ஆகியவை நினைவகத்தில் தங்கியிருந்து, விசைப்பலகையிலிருந்து ஒரு வரி வாங்கித் தரும்படி டாஸிடம் கேட்கும் அழைப்பை இடைமறித்தன. பழைய கட்டளைகள் மேல் அம்புக்குறியில் திரும்பி வந்தன. எல்லாம் 640 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டிய நாள்களில் இவற்றை இவ்வளவு சிறிதாக எழுதியதே பெரிய கைத்திறன்.

1989இல் வெளிவந்த 4டாஸ், டாஸின் கட்டளைச் செயலியையே மாற்றியது. 1991 ஜூனில் எம்எஸ்-டாஸ் 5.0 உடனேயே பழைய கட்டளைகளைச் சேமித்துவைக்கும் டாஸ்கீ என்ற நிரல் வந்தது. அதன் இயல்பான சேமிப்பிடம் 512 பைட். எஃப்7 அழுத்தினால் பழைய கட்டளைகள் எண்ணிட்ட பட்டியலாகத் தோன்றும். எஃப்9 அழுத்தி எண்ணைக் கொடுத்தால் வேண்டியது வரும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் எஃப்7 இன்றும் அப்பட்டியலைத் திறக்கிறது.