மசாய் மாராவில் சஃபாரி உலா

கென்யாவின் தென்மேற்கு மூலையில், நாரோக் மாவட்டத்தில் உள்ள மசாய் மாரா தேசியக் காப்பகம், காட்டு விலங்குகளை வண்டியில் அமர்ந்தபடி பார்ப்பதற்குப் பேர்போன இடம். பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா தொடங்குகிறது. இடையில் வேலி கிடையாது. மரங்கள் குறைந்த புல்வெளி என்பதால் கண் நெடுந்தூரம் போகும். அடர்காட்டில் நொடிப்பொழுது தெரிந்து மறையும் விலங்கை இங்கே மணிக்கணக்கில் பார்க்க முடிவது அதனால்தான்.

'கேம் டிரைவ்' எனப்படும் இந்த உலா வழக்கமாக நாளுக்கு இருமுறை நடக்கும்: காலை 6 மணியை ஒட்டி ஒன்று, மாலை 4 மணி வாக்கில் ஒன்று. சிங்கம் நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் விலங்கு. வெயில் ஏறிவிட்டால் புதர் நிழலில் அதன் வாலைத்தான் பார்க்கலாம். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் விடியலில் நன்றாகக் குளிரும். காப்பகத்துக்குள் இரவு உலாவுக்கு அனுமதி இல்லை.

வண்டி பெரும்பாலும் கூரையை உயர்த்தும்படி மாற்றிய லேண்ட் குரூசர். அன்றாடம் பார்த்துப் பழகிய விலங்குகள், உள்ளே இருப்பவர்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்க்காமல் வண்டியோடு சேர்த்தே பார்க்கின்றன. கதவைத் திறந்து ஒருவர் இறங்கினால் அந்த நிதானம் குலைந்துவிடும். இறங்கக் கூடாது என்ற விதி இரு தரப்பையும் காப்பது.

தேடல் முழுக்க ஓட்டுநர்-வழிகாட்டியின் கண்ணில் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ச்சலை விட்டுவிட்டு எல்லாம் ஒரே திசையை வெறித்தால், அங்கே ஏதோ படுத்திருக்கிறது என்று பொருள். இம்பாலா மான்கள் மூக்கால் சீறுவது எச்சரிக்கை. வானில் வட்டமிடும் பாறுக் கழுகுகள் அவ்வளவு முக்கியமில்லை. சிறகை மடக்கிச் சரசரவென இறங்கினால்தான் இரை விழுந்திருக்கிறது. காய்ந்த புல்லுக்கு மேல் கருத்த மயிரோடு சிங்கத்தின் காதுமடல் அசைவதை, சொல்லிக் காட்டினாலும் புதியவர்கள் சட்டெனக் கண்டுகொள்வதில்லை.

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய 'பெரிய ஐந்து', நடந்து வேட்டையாடியவர்கள் ஆபத்தை அளவாக வைத்துப் போட்ட பட்டியல். கென்யாவில் 1977இல் வேட்டை தடைசெய்யப்பட்டது. பட்டியல் மட்டும் நிலைத்துவிட்டது. ஐந்தையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் உலாவைக் கெடுக்கிறது. ரேடியோவில் செய்தி வந்ததும் வண்டிகள் பறக்கின்றன. கழுதைப்புலியின் வளையருகே உட்கார்ந்து குட்டிகள் எட்டிப்பார்ப்பதைக் காண எவருக்கும் பொறுமை இருப்பதில்லை.

அந்த வண்டிக் கூட்டத்தால் மிகவும் பாதிக்கப்படுவது சிவிங்கிப்புலி. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். சுற்றுலா வண்டிகள் ஓடுவதும் பகலில்தான். மாரா பகுதியில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வண்டிகள் குறைந்த இடங்களில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் இடங்களில் சராசரி 0.2 மட்டுமே. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தடத்தை விட்டு விலகக் கூடாது என்ற மாரா விதிகளைச் சடங்காக நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஜூலை முதல் அக்டோபர் வரை செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வில்டபீஸ்ட் மான் மந்தைகள் வருகின்றன. வலசை போகும் மொத்த மந்தை பத்து லட்சத்துக்கு மேல். கூடவே வரிக்குதிரைகளும் உண்டு. மாரா ஆற்றங்கரையில் அவை திரண்டு நின்று உறுமும். முன்னால் நிற்பது ஒன்று தண்ணீர்வரை இறங்கும், மிரண்டு திரும்பும், மந்தையே பின்வாங்கும். இப்படியே பல மணி நேரம் போகலாம். பிறகு ஒன்று குதித்துவிட்டால் மற்றவை புழுதி பறக்கப் பின்தொடரும். கரையேறும் வழியை வண்டிகள் அடைத்து நின்றால் அவை செங்குத்தான இடத்தில் ஏற முயன்று மிதிபட்டுச் சாகும். ஆற்றில் முதலை பிடிப்பதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் நீரில் மூழ்கிச் சாகும் வில்டபீஸ்ட்களே ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கு மேல் என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பாறுகளும் மராபு நாரைகளும் மீன்களும் அந்த உடல்களைத் தின்கின்றன. எஞ்சும் எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து ஆற்றுக்குப் பாஸ்பரஸ் தருகின்றன.

காப்பகத்தை ஒட்டி மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களில் தனிப் பாதுகாப்பகங்கள் உள்ளன. சுற்றுலா முகாம்கள் நில உரிமையாளர்களுக்கு வாடகை தருகின்றன. முறைவைத்து மாடுகளும் அங்கே மேய்கின்றன. தங்குவோர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் வண்டிகள் குறைவு. இரவு உலாவுக்கும், வழிகாட்டியோடு நடந்து பார்ப்பதற்கும் இங்கே இடம் உண்டு.