திரிபு, விகாரம், விக்ருதி: ஓர் இயற்பியல் கருத்தின் மூன்று பெயர்கள்

கம்பியில் தொங்கும் எடை இருமடங்கானால், ஓர் எல்லைக்குள், அதன் நீட்சியும் இருமடங்காகும். இவ்விதியை இராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல் விடையை அறிவித்தார். ஆயினும் விசைக்கு ஒரு பெயர், உருமாற்றத்திற்கு வேறொரு பெயர் என்னும் தெளிவு ஆங்கிலத்தில் உடனே அமையவில்லை. 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' இரண்டும் இறுக்குதலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. நெடுங்காலம் அவை கலந்தே வழங்கின. 1850களில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் அவற்றைப் பிரித்து, பின்னதை உருமாற்றத்திற்கு உரியதாக்கினார்.

இக்கருத்து நம் மொழிகளுக்கு வந்தபோது நேர்ந்தது வேறு. சென்னை–திருப்பதி சாலையில் புத்தூரைக் கடந்தால் வருவது வடமாலபேட்டை. தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் எல்லைப் பகுதி. அங்குத் தெலுங்கு வழியில் பயிலும் மாணவருக்கு ஸ்ட்ரெயின் என்பது 'விக்ருதி'. எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'திரிபு'. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் 'விகாரம்'.

மூன்றும் இயற்பியலுக்கு முன்பே இலக்கணத்தில் வழங்கியவை. நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என வகுக்கிறது. தெலுங்கு இலக்கணம் வடசொல்லைப் 'பிரக்ருதி' என்றும், தெலுங்கில் அது மாறிய வடிவத்தை 'விக்ருதி' என்றும் கூறும்.

இலக்கணத்தில் இயல்பு இன்றித் திரிபு இல்லை, இயற்பியலிலும் அவ்வாறே. 1 மில்லிமீட்டர் நீட்சி, 1 மீட்டர் கம்பியில் 0.001 திரிபு, 2 மீட்டர் கம்பியில் 0.0005. நீட்சி ஒன்றே, திரிபு வேறு. தொடக்க நீளத்தால் ஏன் வகுக்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடை சொல்லிலேயே இருக்கிறது. ஸ்ட்ரெஸ்ஸைக் குறிக்கும் 'தகைவு' என்பதும் அத்தகையதே. தகைதல் என்றால் தடுத்தல்; தெலுங்கின் 'பிரதிபலம்' எதிர்விசை. இரண்டும் புறவிசையைச் சுட்டாமல், பொருள் தன்னுள் காட்டும் எதிர்ப்பைச் சுட்டுகின்றன.

ஒப்புமை இன்னும் நீளும். யாப்பின் தேவைக்காக நீட்டலும் குறுக்கலும் ஏற்ற சொல், செய்யுளுக்கு வெளியே பழைய வடிவிலேயே வழங்கும், இது மீட்சி. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆன மரூஉவோ மொழியில் நிலைத்துவிட்டது. மீட்சி எல்லையைக் கடந்த கம்பியும் முழுமையாகத் திரும்புவதில்லை.

கலைச்சொற்களை ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பாக மட்டும் மனனம் செய்விக்கும் வகுப்பறை, மாணவர் தமிழ்ப் பாடவேளையில் முன்னரே கற்ற கருத்தொன்றை அவருக்கு அயலாக்குகிறது. இயற்பியல் ஆசிரியர் திரிபைக் கற்பிக்கும் நாளில் புணர்ச்சி விதியொன்றையும் கரும்பலகையில் எழுதலாம்.