ஜன்னலோரத்துச் சிறுமியர்

இத்தொடரில் இதுவரை நாம் கண்ட ஆலயங்கள் யாவும் அரசர்களோ தனவந்தர்களோ எழுப்பியவை. தாமல் ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கும் ஸ்தல வரலாறு என்றால் அப்படித்தான் பழக்கம். ஆனால் பாலாவிலிருந்து ஈராற்றுப்பேட்டைச் சாலையில் போய், மீனச்சில் ஆற்றங்கரையிலுள்ள பரணங்கானத்தில் இறங்கியபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால் பிரசித்தி பெற்ற ஒரு திருத்தலத்தைத் தரிசிக்கும் பாக்கியம் வாய்த்தது.

கிளாரிஸ்ட் சபைக் கன்னியர் மடத்தையும் அவர்களுடைய பெண்கள் பள்ளியையும் பார்த்துவிட்டுப் படியேறினால் கல்லறைச் சிற்றாலயம். அங்கே துயில்பவர் அல்போன்சா; 1910 ஆகஸ்டு 19ஆம் நாள் குடமாளூரில் பிறந்து, அன்னக்குட்டி என்று அழைக்கப்பட்டவர். தாயை இழந்த அவரை வளர்த்த பெரியம்மா, 13 வயதிலேயே மணமுடிக்க முனைந்தார். துறவறமே வேண்டுமென்று உறுதிகொண்ட சிறுமி, அழகு குன்றினால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவர் என்று கணக்கிட்டு, 1923இல் உமி எரிந்துகொண்டிருந்த குழியில் காலை வைத்தாள். உமித்தீயின் குணத்தை நம் ஊர்ப் பொற்கொல்லரைக் கேட்டால் சொல்வார். மேலே சாம்பல் பூத்துச் சாதுவாய்க் கிடக்கும், ஊதினால்தான் உள்ளே கனல்வது தெரியும். எண்ணியதற்கு மேலாகவே பாதங்கள் வெந்துபோயின. ஒரு குழந்தையை அந்தக் குழி வரை துரத்திய கல்யாணப் பேச்சைப் பற்றிப் புண்ணிய சரிதக்காரர்கள் சற்று அதிகமாகவே மௌனம் சாதிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1927இல் மடம் புகுந்தார். 1932இல் வாகக்காட்டில் ஏறத்தாழ ஓராண்டு ஆசிரியையாக இருந்தார். அதற்குமேல் நோய் விடவில்லை. பிற்பாடு பரணங்கானத்தில் அவர் பெரும்பாலும் படுக்கையில் கிடந்த காலத்தில், பள்ளிக்குப் போகும் சிறுமியர் ஜன்னலருகே நின்று பேசிவிட்டுப் போவார்களாம். 1946 ஜூலை 28ஆம் நாள் 35 வயதில் அவர் காலமானபோது அடக்கத்துக்கு வந்தவர் வெகு சிலரே. கல்லறையில் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கேட்டது கிடைத்ததென்று முதன்முதலில் வீட்டில் போய்ச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். பெரியவர்கள் சாவகாசமாகப் பின்னால் வந்தார்கள்: 1986 பிப்ரவரி 8இல் போப் இரண்டாம் ஜான் பால் கோட்டயத்தில் அருளாளர் பட்டம் தந்தார், 2008 அக்டோபர் 12இல், இந்தியப் பெண்களில் முதல்வராக, புனிதர் பட்டமும் கிடைத்தது. மறு ஆண்டு ஐந்து ரூபாய் நாணயத்திலும் முகம் ஏறியது.

மாலை மணி அடித்தது. சீருடையில் வந்த ஒரு சிறுமி, புத்தகப் பையைப் படியில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கையிலிருந்த பேனாவைக் கல்லறைமேல் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துக்கொண்டு, பஸ் போய்விடுமே என்று ஓட்டமாய் இறங்கினாள்.

(தொடரும்)