முடக்குவாதம் பரம்பரை நோயா?

"பாட்டிக்கு முடக்குவாதம், அம்மாவுக்கும் முடக்குவாதம், நாளை எனக்கும் வருமோ?" இப்படி அஞ்சுவோரை நீங்கள் கண்டிருக்கலாம். இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் விடை தேடிய கதையைக் கேளுங்கள்.

நம் உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து நிற்கும், மூட்டுகள் வீங்கும், நாளடைவில் உருக்குலையும். 1800ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகர மருத்துவர் லாந்த்ரே-போவே இந்நோயை விவரித்து எழுதினார். ஆயினும் பாரம்பரியத்துக்கு இதில் பங்கு உண்டா என்பதற்குத் தெளிவான தடயம் கிடைக்க, அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

உறவினர் அல்லாத இருவரின் வெள்ளணுக்களை ஒன்றாகக் கலந்து வளர்த்தால் என்ன ஆகும்? ஒன்றையொன்று அந்நியர் என உணர்ந்து கிளர்ந்தெழும். ஆனால் முடக்குவாத நோயாளிகள் சிலரின் அணுக்களைக் கலந்தபோது அவை அவ்வாறு கிளர்ந்தெழவில்லை! 1969இல் ஆஸ்டோர்கா, வில்லியம்ஸ் என்ற இருவர் இவ்விந்தையை வெளியிட்டனர். அணுக்கள் ஏன் சும்மா இருந்தன? அவற்றின் மேற்பரப்பில் ஒரே வகை அடையாளக் குறி இருந்ததுதான் காரணம். அக்குறியை ஆக்குபவை எச்.எல்.ஏ. எனப்படும் ஜீன்கள். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆராய்ந்த பீட்டர் ஸ்டாஸ்ட்னி, டி.ஆர்.4 என்ற குறி நோயாளிகளில் 100க்கு 70 பேரிடமும், மற்றவர்களில் 28 பேரிடமும் காணப்படுவதாக 1978இல் அறிவித்தார்.

அப்படியானால் டி.ஆர்.4 இல்லாத நோயாளிகளின் நிலை என்ன? அவர்களில் பலரிடம் டி.ஆர்.1 போன்ற வேறு குறிகள் இருந்தன. 1987இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் ஆகிய மூவர் இப்புதிரை விடுவித்தனர். குறிகளின் பெயர் வேறானாலும், அவற்றின் புரதச் சங்கிலியில் 70 முதல் 74 வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன! சாவிகள் பல; பல்வெட்டு ஒன்றே.

இனி, மேலே சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள். நோயற்றோரிலும் 100க்கு 28 பேரிடம் அக்குறி இருந்தது அல்லவா? மேலும், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது 100க்கு ஏறக்குறைய 15 தடவைதான். ஜீன்கள் முற்றும் ஒன்றாயிருந்தும் இப்படி! ஆகவே ஜீன் மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை.

வேறு எது தூண்டுகிறது? ஒன்று புகையிலை. புகை நுரையீரலில் சில புரதங்களின் அமைப்பை மாற்றுகிறது. மாறிய புரதங்களை அக்குறி இறுகப் பற்றி வெள்ளணுக்களுக்குக் காட்ட, அவை போருக்குக் கிளம்புகின்றன என்று கருதப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த ஜீனைப் பெற்றுப் புகையும் பிடிப்பவருக்கு, இவ்விரண்டும் இல்லாதவரைவிட, மாறிய புரதங்களை எதிர்க்கும் எதிர்ப்பொருள் கொண்ட முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு என 2006இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு காட்டியது.

பாட்டி தந்த ஜீனை நாம் மாற்ற இயலாது. பீடியையும் சிகரெட்டையும் தொடாமலிருக்க இயலும். காலை விறைப்பும் வீக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால், "விதி" என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டுகளைக் காக்கலாம்.