பிரித்தானிய வான்சமரும் ஒரு பித்தளைத் துளையும்

இரண்டாம் உலகப் போர் பற்றிய எழுத்துக்களில் ஒரு கதை அடிக்கடி தலைகாட்டும். 1940ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ஜேர்மன் விமானங்களை எதிர்த்துப் பறந்த பிரித்தானியப் போர்விமானங்களின் எஞ்சின்கள் நடுவானில் நின்று போயின. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர் சில சதங்கள் கூடப் பெறாத பித்தளை வளையம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதனால் பிரித்தானியா அந்த வான்சமரை வென்றது என்பதே அக்கதை. ஒரு பெண், ஒரு சிறு உலோகத் துண்டு, ஒரு பெரும் போர். பத்திரிகைத் தலைப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செய்தி மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இக்கதையின் கவர்ச்சி எனக்கு நன்றாகவே புரிகின்றது.

ஆனால் திகதிகள் இடிக்கின்றன. பிரித்தானிய வான்சமர் 1940 ஜூலை 10 முதல் ஒக்டோபர் 31 வரை நடைபெற்றதாகக் கொள்வதே பிரித்தானிய வரலாற்றாசிரியர்களின் வழக்கம். ஷில்லிங்கின் வளையம் படையணிகளைச் சென்றடைந்தது 1941 மார்ச் மாதமளவில். அதாவது, அந்தக் கோடைகாலம் முழுவதையும் விமானிகள் அந்தக் குறைபாட்டோடுதான் பறந்து முடித்தார்கள். அவர்கள் எதைச் சகித்துக்கொண்டு போரிட்டார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து கொடுப்பது எத்தகைய வேலை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டியது பெற்றோல் மட்டுமன்று. சரியான விகிதத்தில் காற்றோடு கலந்த பெற்றோல். நிறையின்படி ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. உச்ச வலு வேண்டுமென்றால் கலவையைச் சற்றுச் செறிவாக்கி 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற அளவுக்குக் கொண்டுவருவார்கள். இந்த எல்லைகளை விட்டு அதிகம் விலகினால் கலவை தீப்பிடிக்காது. பெற்றோல் குறைந்தாலும் எஞ்சின் நிற்கும், கூடினாலும் நிற்கும். தரையில் ஓடும் வாகனத்துக்கே இது சிக்கலான கணக்கு. விமானமோ 18,000 அடிக்கு ஏறும்போது அங்குள்ள காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகின்றது. காற்று ஐதாகும் அளவுக்குப் பெற்றோலையும் குறைத்தாக வேண்டும்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காபரேற்றர் என்ற சாதனத்தைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. சில துளி பெற்றோலை அதனுள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அவர்கள் நினைவில் இருக்கும். கலவை பிசகினால் எஞ்சின் எப்படி இருமும், எப்படிக் கரும்புகை கக்கும் என்பது கைகண்ட அறிவு.

விமான வரலாற்றின் தொடக்கத்தில் இந்த அளவீடு மிக எளிமையாகவே இருந்தது. 1903 டிசெம்பரில் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் எஞ்சினில் இன்று நாம் அறிந்த வடிவில் காபரேற்றரே கிடையாது. மேலிருந்த சிறு தாங்கியிலிருந்து பெற்றோல் தன் பாரத்தால் வழிந்து, எஞ்சினின் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்தது, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குள் பிரான்சில் லெவவஸர் தமது அன்ரொனெற் எஞ்சினுக்குப் பெற்றோலைப் பம்பியால் செலுத்தும் முறையை முயன்று பார்த்தார். காலத்துக்கு முந்திய முயற்சி அது. நம்பகமானது காபரேற்றரே என்று பெரும்பாலோர் அதன் பக்கம் திரும்பினர்.

காபரேற்றரின் உயிர்நாடி அதன் மிதவை. வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியில் மிதவைப் பந்து செய்யும் வேலையையே அதுவும் செய்கின்றது. ஒரு சிறு அறைக்குள் பெற்றோல் நிரம்பும்போது மிதவை மேலெழுந்து, ஊசி போன்ற ஓர் அடைப்பானால் வழியை மூடும். மட்டம் இறங்கினால் திறக்கும். அறையின் அடியிலுள்ள நுண்துளை வழியாகப் பெற்றோல் உறிஞ்சப்பட்டு, குறுகலான குழாயில் விரையும் காற்றோடு கலக்கும். காற்று விரைய விரைய உறிஞ்சலும் கூடும். அழகான ஏற்பாடு. ஆனால் அது ஒரு நம்பிக்கையின்மீது கட்டப்பட்டது: பெற்றோல் எப்போதும் அறையின் அடியில்தான் இருக்கும் என்பதே அந்த நம்பிக்கை.

மேட்டுப் பாலமொன்றை வேகமாகக் கடக்கும் பேருந்தின் பின்னிருக்கையில் இருப்பவர் ஒரு கணம் மேலே தூக்கியெறியப்படுவதை அறிவோம். விமானி தமது கட்டுப்பாட்டுத் தண்டைச் சடுதியாக முன்னே தள்ளி மூக்கைக் கீழே கவிழ்க்கும்போது அதே நிலை பன்மடங்கு கடுமையாக ஏற்படும். விமானியை இருக்கைப் பட்டிகள் பிடித்துக்கொள்ளும். பெற்றோலைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

ஸ்பிற்பயர், ஹரிக்கேன் ஆகிய இரு விமானங்களிலும் இருந்தது றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் எஞ்சின்: 12 சிலிண்டர்கள், 27 லீற்றர் கொள்ளளவு. அதில் பொருத்தப்பட்டிருந்த எஸ்.யு. காபரேற்றர் மிதவை வகையைச் சேர்ந்தது. மூக்கு கவிழ்ந்ததும் அதனுள் நடந்தது இரண்டு கட்டங்களாக நடந்தது. முதலில் பெற்றோல் அறையின் மேற்பக்கத்துக்கு எறியப்பட, அடியிலிருந்த துளைகள் வெறுங்காற்றை உறிஞ்சின. எஞ்சின் ஒரு கணம் இருமி வலுவிழந்தது. அந்நிலை தொடர்ந்தால் மேலே திரண்ட பெற்றோல் மிதவையைத் தவறான பக்கத்துக்குத் தள்ளியது. மிதவை அங்கே போனதும் அடைப்பான் முழுவதுமாகத் திறந்துகொண்டது. பம்பியோ எஞ்சின் எரிக்கக்கூடியதைக் காட்டிலும் மிகுதியான பெற்றோலைத் தரவல்லது. காபரேற்றர் வெள்ளக்காடாகி, கரும்புகை கக்கி, எஞ்சின் அடியோடு நின்றது. முதலாவது கட்டம் தொந்தரவு. இரண்டாவது கட்டம் மரணத்துக்கு அழைப்பு.

எதிரிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டைம்லர் பென்ஸ் 601 எஞ்சினில் காபரேற்றரே இல்லை. டீசல் எஞ்சின்களில் வளர்ந்த நுட்பத்தைக் கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே அளந்த பெற்றோலை நேரடியாகப் பாய்ச்சும் பம்பி ஒன்று அதில் இருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 20 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் பாய்ச்ச வேண்டும். டீசலைப் போலப் பெற்றோலுக்கு மசகுத் தன்மை கிடையாது என்பதால் அந்தப் பம்பியின் உறுப்புகளைத் தேயாமல் காப்பதே தனிக் கலை. செலவு மிக்கதும் செய்வதற்குக் கடினமானதுமான பொருள். ஆனால் விமானம் தலைகீழாகத் தொங்கினாலும் அது தன் வேலையைச் செய்தது.

ஆகவே துரத்தப்பட்ட ஜேர்மன் விமானி தண்டை முன்னே தள்ளிச் செங்குத்தாகக் கீழே பாய்ந்து தப்பினார். பின்னால் வந்த ஸ்பிற்பயர் விமானி அதே பாதையில் போனால் எஞ்சின் நிற்கும். எனவே அவர் விமானத்தை முதலில் பாதி புரட்டி, முதுகைக் கீழே வைத்துக்கொண்டு தண்டைத் தம் பக்கம் இழுத்துப் பாய வேண்டியிருந்தது. இந்தப் புரட்டலுக்குச் செலவான ஓரிரு விநாடிகளுக்குள் எதிரி எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார். துரத்தப்படுபவர் பிரித்தானியர் என்றால் பாய்ந்து தப்பும் வழியும் அவருக்கு அடைபட்டிருந்தது. பிரான்சில் பிடிபட்ட மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்று 1940 மே மாதம் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டபோது இந்த வேறுபாடு சந்தேகத்துக்கிடமின்றித் தெரிந்தது.

பிரித்தானியர் ஏன் காபரேற்றரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று கேட்பது இயல்பு. அது அறியாமையால் அன்று. காற்றைச் செறிவாக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சுப்பர்சார்ஜருக்கு முன்பாகவே பெற்றோலைக் கலந்துவிட்டால், அது ஆவியாகும்போது காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் குறைகின்றது. குளிர்ந்த காற்று செறிவானது; அதே எஞ்சினிலிருந்து கூடுதல் வலு கிடைக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்ச்சினால் இந்த இலாபம் கிட்டாது. றோல்ஸ் றொய்ஸ் பொறியியலாளர்கள் கணக்குப் பார்த்தே முடிவெடுத்தார்கள். கணக்கில் விடுபட்டது எதிரி எப்படிப் பறப்பான் என்பது மட்டுமே. அதற்கு விலை கொடுத்தவர்கள் வரைபடம் வரைந்தவர்கள் அல்லர்; இருபது வயது நிரம்பிய இளைஞர்கள்.

ஃபான்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிறுவனத்தில் காபரேற்றர் ஆய்வைக் கவனித்தவர்தான் பீட்ரிஸ் ஷில்லிங். 1909இல் ஹம்ப்ஷயரில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். 14 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டமும், 1933இல் இயந்திரப் பொறியியலில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நோர்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் வென்றார். 1936இல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்குத் தரப்பட்டது எஞ்சின் கைநூல்களை எழுதும் வேலை. எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவருக்கு எழுதுகோலைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் அதிலிருந்து விலகி ஆய்வுப் பக்கம் சென்றது பிரித்தானியாவின் அதிர்ஷ்டம்.

புதிய காபரேற்றரை வடிவமைத்து, சோதித்து, ஆயிரக்கணக்கில் செய்ய மாதங்கள் பல செல்லும். ஷில்லிங் எழுப்பிய கேள்வி வேறு. வெள்ளம் வருவது பம்பி மிகுதியாகத் தருவதால்தானே? அப்படியானால், எஞ்சின் முழு வலுவில் ஓடும்போது அதற்கு வேண்டிய அளவுக்கு ஒரு துளி கூட மேலாகப் பெற்றோல் காபரேற்றரை அடையாதபடி வழியைக் குறுக்கிவிட்டால்? நடுவில் துளையிட்ட சிறு பித்தளைக் குப்பி ஒன்று காபரேற்றருக்குச் சற்று முன்பாக எரிபொருள் குழாயில் செருகப்பட்டது. துளையின் அளவுதான் கண்டுபிடிப்பின் முழுச் சாரமும். அற்பம் பெரிதானால் வெள்ளம். அற்பம் சிறிதானால் முழு வலுவில் எஞ்சின் பட்டினி கிடக்கும். எஞ்சினின் உள்ளிழுப்பு அமுக்கம் 12 இறாத்தலா, 15 இறாத்தலா என்பதைப் பொறுத்து இரண்டு அளவுகளில் அது செய்யப்பட்டது. பின்னர் குப்பி வடிவமும் கைவிடப்பட்டு வெறும் தட்டை வளையமாயிற்று. விமானத்தைச் சேவையிலிருந்து விலக்காமலே அதைப் பொருத்தலாம் என்பதே அதன் பெரும் சிறப்பு. ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்துவித்தார்.

விமானிகள் மகிழ்ந்தார்கள். கூடவே, ‘செல்வி ஷில்லிங்கின் துவாரம்’ என்று இரட்டை அர்த்தப் பெயரொன்றையும் அதற்குச் சூட்டினார்கள். படைமுகாம் நகைச்சுவை என்று இதைக் கடந்துபோகலாம். 1938இலேயே திருமணமாகியிருந்த பொறியியலாளர் ஒருவரின் பெயர் வரலாற்றில் இவ்வாறு ஒட்டிக்கொண்டதை நான் நகைச்சுவையாகக் கருதவில்லை.

வளையம் நோயை முழுதாகக் குணப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினை அடியோடு நிறுத்திய வெள்ளத்தை அது தடுத்தது. முதற்கட்டத்தின் கண நேர இருமல் இருந்துகொண்டே இருந்தது; நீண்ட நேரம் தலைகீழாகப் பறக்கவும் முடியாது. மிதவையையே ஒழித்து, காற்றின் அமுக்க வேறுபாட்டையும் பெற்றோலின் அமுக்க வேறுபாட்டையும் மென்தகடுகளால் ஒப்பிட்டு அளக்கும் அமெரிக்க பெண்டிக்ஸ் ஸ்ரொம்பேர்க் காபரேற்றர்கள் 1943இல் மேர்லினுக்கு வந்த பின்னரே பிரச்சினை தீர்ந்தது.

மேர்லினின் ஓசை நமக்கும் அந்நியமானதன்று. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும், ஓடுபாதையாக்கப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்தவை ஹரிக்கேன்களே. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டபோது சீனன்குடாவிலிருந்து எழுந்தவையும் அவையே.

ஷில்லிங் 1969 வரை ஃபான்பரோவில் பணியாற்றி, 1990இல் காலமானார். அவர் ஓய்வு பெறும்போது பிஸ்டன் எஞ்சின்களின் காலம் பெரும்பாலும் முடிந்து ஜெற் யுகம் நிலைபெற்றிருந்தது. ஜெற் எஞ்சினில் மிதவை இல்லை. அளவீட்டின் கெடுபிடி மட்டும் குறையவில்லை. விமானி நெம்புகோலைத் தள்ளியவுடன் எரிபொருளை மளமளவென்று கொட்டினால் எஞ்சினுக்குள் காற்றோட்டம் குலைந்து அது விக்கும். சட்டென்று குறைத்தால் சுடர் அணையும். நெம்புக்கும் எரிபொருளுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் சாதனம் ஒன்று தேவை. நெடுங்காலம் அதைச் செய்தவை சுழலும் எடைகளும் துருத்திகளும் எண்ணெய்க் குழாய்களும் கொண்ட பொறிமுறைகள். 1984இல் போயிங் 757இல் சேவைக்கு வந்த பிரற் அன்ட் விற்னி 2037 எஞ்சினோடு அந்தப் பொறுப்பு முழுவதையும் கணினி ஏற்றது. கணினி கணக்கிடுகின்றது, அளவீட்டு வால்வு அதன்படி திறந்து மூடுகின்றது.

ஆயினும் வால்வு திறந்தால் எரிபொருள் வரும் என்பதும் ஒரு நம்பிக்கையே. 2008 ஜனவரி 17ஆம் திகதி பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவை நெருங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் போயிங் 777இன் இரு எஞ்சின்களும் தரையிறங்கச் சற்று முன்னர் அடுத்தடுத்து வலு குன்றின. கணினிகள் கூடுதல் எரிபொருள் கேட்டன, வால்வுகள் முழுமையாகத் திறந்தன, எரிபொருள் வரவில்லை. விமானம் ஓடுபாதையை எட்டாமல் புல்தரையில் வீழ்ந்தது. அதிலிருந்த 152 பேரும் உயிர் தப்பினர்.

சைபீரியக் குளிரில் எரிபொருளின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 34 பாகை வரை இறங்கியிருந்தது. அதில் இயல்பாகவே கலந்திருக்கும் சிறிதளவு நீர் குழாய்களின் உட்சுவரில் பனியாகப் படிந்திருந்தது. கடைசி நேரத்தில் ஓட்டம் கூடியபோது அது பெயர்ந்து வந்து, எரிபொருளைச் சூடாக்கும் சாதனத்தின் முகப்பிலிருந்த நுண்குழாய்களை அடைத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானம் ஒன்றின் எஞ்சினிலும் அதுவே நேர்ந்தது. அந்நுண்குழாய்களின் முனைகள் முகப்புத் தட்டிலிருந்து சில மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. புதிய வடிவமைப்பில் அவற்றைத் தட்டோடு சமமாக்கினார்கள்.