பலராமைக் கண்ட கண்

இரயில் ஓடாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டுப் பதிந்து கொடுக்கும் எழுத்தன் யான். பந்தாடி அறியேன். ஆயினும் திடலோரம் நின்று, “இவன் தேறுவான், அவன் தேறான்” என்று தீர்ப்புரைக்கத் தவறியதில்லை. அத்தீர்ப்பு எத்துணைப் பொறுப்புடையது என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்றை நம் சங்கத்து அன்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

துளசிதாஸ் பலராம் 1936-ஆம் ஆண்டில் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் பிறந்தவர். பெற்றோர் தமிழர், நம்மைப் போலவே தாயகத்திற்கு வெளியே வாழ்ந்த எளிய குடும்பத்தினர். அவ்விளைஞரின் ஆற்றலைக் கண்டுகொண்டவர் சையத் அப்துல் ரகீம் என்னும் பயிற்சியாளர். ஆசிரியராயிருந்து, ஐதராபாத் நகரக் காவல் அணியையும், 1950 முதல் 1963-இல் மறையும் வரை இந்திய அணியையும் உருவாக்கிய பெருமகனார் அவர்.

ரகீம் இளைஞரை எடைபோட்ட முறை வியப்புக்குரியது. வலுக்குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றொரு போட்டி. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடலாகாது என்று மற்றொரு போட்டி. கைதட்டல் பெறும் வித்தைகளை விலக்கிவிட்டால், எஞ்சுவது அறிவும் பழக்கமுமே அன்றோ? அவற்றையே அவர் நோக்கினார்.

நோக்கியதோடு நின்றாரில்லை. செகந்தராபாத்திலிருந்து ஐதராபாத்திற்குப் பயிற்சிக்கு வரப் பலராமிடம் பொருளில்லை. மிதிவண்டி வாடகைக்கு ரகீமே பணம் தந்து உதவினார் என்பர்.

விளைவு யாது? 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் பலராம் இருந்தார். 1960-இல் ரோமில், வலிமை மிக்க அங்கேரிக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அவ்வாட்டத்தில் நாம் தோற்றது 2-1 என்ற கணக்கிலேதான். 1961-இல் ஈஸ்ட் பெங்கால் அணியின் தலைவரானார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பொன் வென்ற அணியிலும் ஆடினார். அவ்வாண்டே அர்ஜுனா விருதும் பெற்றார். நிற்க. 1963-இல் வங்காள நாகபுரி இரயில்வே அணியில் சேர்ந்த அவரை நோய் வருத்தியது. ஏறத்தாழ இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது. 2023 பிப்ரவரி 16-இல் கொல்கத்தாவில் மறைந்தார். திறமையை அளந்தறிந்த கண்ணாலும், காலம் எவ்வளவு தரும் என்பதை அளக்க இயலவில்லை.

இனி, என் பிழையைச் சொல்லி முடிப்பேன். ஓராண்டிற்கு முன் நம் சிறுவன் ஒருவனைக் கண்டு, “கால் தள்ளாடுகிறது, இவன் ஆகான்” என்று பலரறியக் கூறினேன். அவன் ரங்கத்திலிருந்து கப்பலேறி, இரவெல்லாம் உறங்காமல், காலையுணவுமின்றித் திடலுக்கு வந்தவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். யான் கண்டது அவன் பசியை. உரைத்ததோ அவன் திறமையைப் பற்றி! அன்று நாணித் தலைகுனிந்தேன்.

ஒரு பொழுது ஆட்டத்தைக் கொண்டு ஓர் இளைஞனை அளத்தல் தகாது. தோற்கும் வேளையில் அவன் என் செய்கிறான், பந்து இல்லாதபோது எங்கு நிற்கிறான், பிழைத்தபின் மீள்கிறானா என்பவற்றைப் பலமுறை பார்த்தல் வேண்டும். அதற்கு அவன் பலமுறை திடலுக்கு வருதல் வேண்டுமே! கச்சால், ஹட்பே, டிக்லிப்பூர் முதலிய இடங்களில் வாழும் நம் சிறுவர்க்குக் கப்பற் கட்டணமும் ஒரு வேளை உணவும் தர நம் சங்கம் ஒரு சிறு நிதி அமைக்குமாயின், அதுவே இத்தீவில் நாம் அளிக்கும் மிதிவண்டி வாடகையாகும். என் பங்கை முதற்கண் செலுத்த யான் அணியமாயிருக்கின்றேன்.